குருணையில் ஓடும் வண்டி



போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் 1989 செட் பையன் ஒருவன் கேட்டிருந்தான் (பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவன் பேரன் எடுத்துவிட்டான்): "சார், பங்க்ல இ20னு எழுதியிருக்கான். அதுல கலக்குற எத்தனால்ல பாதிக்கு மேல அரிசி, மக்காச்சோளத்துல இருந்துதான் வருதுன்னு சொல்றாங்க. நெசமா சார்? சோத்துல வண்டி ஓடுமா?" கீழே இருபது முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். பதில் ஒருத்தரும் எழுதவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு அது பொறுக்குமா? குழுவில் போட்டால் பாதியில் எவனாவது 'குட் மார்னிங்' படம் போட்டுவிடுவான். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான். சாவகாசமாகப் படியுங்கள்.

ஓடும். நெசம்தான். ஆனால் சோற்றிலிருந்து நேராகச் சாராயத்துக்குப் போக வழி கிடையாது. நடுவில் ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க மனுஷன் பட்ட பாடுதான் இந்தக் கதை. பூட்டு திறந்த ஒவ்வொரு தடவையும் 'சாவி யார் கையில்' என்ற சண்டையும் கூடவே வந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் உங்களை வைத்துச் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு கவளம் வாயில் போட்டு, விழுங்காமல் இரண்டு நிமிஷம் மெல்லச் சொல்வேன். பாதிப் பேர் விழுங்கிவிடுவீர்கள். மெல்லப் பொறுமை இருந்தவன் மட்டும், "சார், இனிக்குது" என்பான். சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. மாலையாக இருக்கும்வரை இனிப்பில்லை. எச்சிலில் இருக்கும் நொதி மாலையை அறுத்ததும் நாக்குக்கு இனிப்பு தெரிகிறது.

ஈஸ்ட்டுக்கு, அதாவது சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும் அந்த நுண்ணுயிருக்கு, மாலையை அறுக்கத் தெரியாது. உதிரி மணிகளைத்தான் தின்னும். ஒரு மூட்டை அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து ஈஸ்ட்டைப் போட்டால் அது பட்டினி கிடந்தே சாகும். திராட்சைச் சாறும் கரும்புச் சாறும் பதநீரும் அப்படியில்லை. அவற்றில் சர்க்கரை உதிரியாகவே இருக்கிறது. விடியற்காலை இறக்கிய பதநீரில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம், காற்றில் வரும் ஈஸ்ட் போதும். சுண்ணாம்பு அந்த ஈஸ்ட்டுக்கு ஆகாத காரத்தைக் கொடுப்பதால்தான் பதநீர் பதநீராக நிற்கிறது.

ஆக, தானியத்திலிருந்து சாராயம் எடுப்பதில் ஈஸ்ட் பெரிய விஷயமே இல்லை. மாவை உடைப்பதுதான் விஷயம்.

இதை நம் ஆட்கள் எப்போது கண்டுபிடித்தார்கள்? தாமிரபரணிக் கரையில் நெல்லுக்கு வயசு கொஞ்சமில்லை. சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று காலக்கணக்கு வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதும் தாழிக்குள் இருந்த பானைகளில் நெல் உமியும் தினை வகை உமியும் கிடைத்தன. செத்தவனுக்கு நெல்லை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். குடிக்க என்ன வைத்தார்கள் என்று பானை சொல்லவில்லை.

பாட்டு சொல்கிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறதே, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, தொண்டைமான் இளந்திரையன் மேல். அது காஞ்சிப் பக்கம், நம்மூர் இல்லை. அதில் வலைஞர் குடியிருப்பு வரும் இடத்தில் அரிசிக் கள் காய்ச்சும் முறை அப்படியே எழுதியிருக்கிறது. தமிழ் ஐயா நடத்தும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள், அதனால் நான் சொல்கிறேன். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். பிறகு முளையை இடித்து அதில் கலக்க வேண்டும். இடித்த முளை எப்படி இருக்கும் என்பதற்குப் புலவர் சொல்லும் உவமை புற்றுக்குள் இருக்கும் குரும்பி, கறையான் கட்டும் அந்தச் சோறு. அதைச் சாடியில் ஊற்றி இரண்டு பகல் இரண்டு இரவு விட வேண்டும். அப்புறம் விரலால் அரித்துப் பிழிந்து எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

இதை வேதியியல் வாத்தியாராக வாசிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருக்கிறது. களியாகக் காய்ச்சுவது ஏன்? பச்சை அரிசியில் மாவுச்சத்து இறுகிய மணியாக இருக்கும், நொதி உள்ளே நுழைய முடியாது. 70 டிகிரியைத் தாண்டியதும் மணி தண்ணீரைக் குடித்து ஊதி வெடிக்கும். ஆறவிடுவது ஏன்? கொதிக்கிற களியில் முளையைப் போட்டால் முளையில் உள்ள நொதி வெந்து செத்துப்போகும். முளை எதற்கு? விதை முளைக்கும்போது உள்ளே சேமித்த மாவை உடைத்துக் குருத்துக்கு ஊட்ட அதுவே நொதியைச் சுரக்கிறது. முளைகட்டிய கேழ்வரகில் கூழ் காய்ச்சினால் இளகி, இனித்துப்போவதை நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அந்த நொதியைக் கடன் வாங்குவதுதான் இந்த வித்தை. இரண்டு பகல் இரண்டு இரவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கோடிக்கணக்கில் முதல் போட்டுக் கட்டிய எத்தனால் ஆலையில் நொதிக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? 48 முதல் 60 மணி நேரம்.

இந்த வித்தை நம் பக்கம் ஏன் நிலைக்கவில்லை என்று யோசித்தால், என் கணக்கில் காரணம் பனை. திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடித் தேரியில் மரத்தில் சர்க்கரையாகவே ஊறுகிறது. அரிசியைக் காய்ச்சி, ஆற்றி, முளை இடித்து, இரண்டு ராத்திரி காத்திருப்பானேன்? அரிசியோ ஆற்றுப்பாசன வயலில் மட்டும் விளைவது, வரிக்கும் வாரத்துக்கும் அளக்க வேண்டியது. நம் பக்கம் கள் என்றால் பனங்கள், தென்னங்கள் என்று ஆகிவிட்டது. சென்னைக் கடலோரக் குப்பங்களில் மட்டும் சுண்டக்கஞ்சி என்ற பெயரில் அரிசிக் கள் மிஞ்சியிருந்தது. அங்கேயும் மீனவர், இங்கே பாட்டிலும் வலைஞர். இரண்டையும் நேர்க்கோடு போட்டு இணைத்துவிட எனக்குத் துணிச்சல் இல்லை, ஆனால் நினைத்தால் சுகமாக இருக்கிறது.

வெள்ளைக்காரன் வந்தபிறகு கதை மாறியது. சென்னை ஆப்காரிச் சட்டம் 1886இல் வந்தது. உரிமம் இல்லாமல் எவனும் எதையும் காய்ச்சக் கூடாது, இறக்கக் கூடாது. பனைக்கு மரவரி. அரசாங்கத்துக்கு நில வரிக்கு அடுத்தபடி பெரிய வருமானங்களில் ஒன்று குடி என்று ஆனது. வீட்டுச் சாடியில் ஊறினால் குற்றம், குத்தகைக்காரன் கடையில் வாங்கினால் வருமானம்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் பூட்டை வேறு வழியாகத் திறந்துகொண்டிருந்தார்கள். 1811இல் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்காஃப் என்ற வேதியியலார் மாவை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துச் சர்க்கரையாக்கினார். 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ இரண்டு பேரும் பார்லி முளையிலிருந்து மாவை உடைக்கும் பொருளைத் தனியே பிரித்தார்கள், 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் மனுஷன் பிரித்தெடுத்த முதல் நொதி அதுதான். பெரும்பாணாற்றுப்படையில் புற்றுச் சோறு மாதிரி இருந்த பண்டத்துக்குள் ஒளிந்திருந்தது இதுவே.

ஆனால் முளைக்குச் செலவு அதிகம். நல்ல தானியத்தை ஊறவைத்து, முளைக்கவைத்து, உலர்த்தி, இடிக்க வேண்டும். இதை மாற்ற வந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே அரிசி தின்னும் நாட்டிலிருந்துதான் பாடம் படித்தார்கள்.

முதல் ஆள் தகமினே ஜோகிச்சி. ஜப்பான்காரர், அம்மா சாக்கே காய்ச்சும் குடும்பம். ஜப்பானில் முளை கிடையாது. வெந்த அரிசியில் 'கோஜி' என்ற பூஞ்சணத்தை வளர்ப்பார்கள், அந்தப் பூஞ்சணம் மாவை உடைக்கும். 1890இல் அமெரிக்கா போன தகமினே, பியோரியா என்ற ஊரில் விஸ்கி ஆலைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். முளைக்குப் பதில் பூஞ்சணம், செலவு குறைவு, வேகம் அதிகம். முளை வியாபாரிகள் விடுவார்களா? எதிர்ப்பு கிளம்பியது, அவருடைய ஆலையும் தீப்பிடித்து எரிந்தது. மனுஷன் அசரவில்லை. அதே நொதியைச் சீரண மருந்தாக மாற்றி 1894இல் காப்புரிமை வாங்கி, டாக்கா டயஸ்டேஸ் என்ற பெயரில் பணக்காரர் ஆனார்.

இரண்டாவது ஆளை நீங்கள் எல்லோரும் தோளில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். இடது தோளைத் தடவிப் பாருங்கள், பிசிஜி தழும்பு. அதில் நடுவில் வரும் 'சி' கால்மெத். ஆல்பர்ட் கால்மெத் அந்தத் தடுப்பூசிக்கு முப்பது வருஷம் முந்தி, 1891இல், சைகோனில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப் போனார். நம் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் செய்த அதே சைகோன். அங்கே கிராமத்தில் அரிசிச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் சின்ன மாவு உருண்டை ஒன்றைப் பொடித்துச் சோற்றில் தூவுவதைப் பார்த்தார். உருண்டைக்குள் பூஞ்சணமும் ஈஸ்ட்டும் சேர்ந்தே இருந்தன. மாவை உடைக்கும் பூஞ்சணத்தைப் பிரித்து 1892இல் கட்டுரை எழுதினார். அதிலிருந்து 'அமிலோ முறை' என்று ஒன்று பிறந்தது. பெரிய தொட்டியில், வேறு கிருமி புகாமல், முளையே இல்லாமல் அரிசியைச் சாராயமாக்கும் முறை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஃபொந்தேன் என்ற பிரெஞ்சு முதலாளியின் கம்பெனி அந்த முறையை வைத்து இந்தோசீனாவில் ஆலைகள் போட்டது. காலனி அரசு கிராமத்தில் காய்ச்சுவதைத் தடுத்து, ஆலைச் சாராயத்தைத்தான் வாங்க வேண்டும் என்றது. ஊர்க்காரர்கள் அதை மணமில்லாத சரக்கு என்று வெறுத்தார்கள். எந்த ஊர்க்காரனின் உருண்டையிலிருந்து வித்தை கிடைத்ததோ, அவன் வீட்டில் அதே உருண்டையைத் தேடிச் சுங்கக்காரன் வந்தான். கால்மெத் மேல் எனக்கு மரியாதை உண்டு, நம் பிள்ளைகள் உயிரைக் காத்தவர். என்றாலும் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும்.

நம் நாட்டில் ஆலைச் சாராயம் என்றால் வெகுகாலம் கரும்பாலையின் மொலாசஸ்தான். சர்க்கரை எடுத்தது போக மிஞ்சும் கறுப்புப் பாகு, அதிலும் சர்க்கரை உதிரியாகவே இருக்கிறது. அதைப் பெட்ரோலில் கலக்க 1948லேயே சட்டம் போட்டார்கள். அதே காலத்தில் நம் மாகாணத்தில் மதுவிலக்கு. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கியது, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. தானியத்திலிருந்து எடுக்கும் பேச்சே எழவில்லை. எழ முடியாது. தின்னவே இல்லை.

இந்த இடத்தைச் சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1965, 66இல் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. பிசானம் பார்த்த கிராமத்திலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. பஸ்ஸில் ஒரு பை அரிசி வைத்திருந்த ஆச்சியை இறக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கோதுமையும் மைலோச் சோளமும் கப்பலில் வந்தது. அந்தச் சோளச் சோற்றின் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே பெரிய பேச்சு, ஆட்சியே மாறியது. அந்த வருஷம் யாராவது வந்து, "இந்த அரிசியை அரைத்து மோட்டார் வண்டிக்கு ஊற்றலாம்" என்று சொல்லியிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள்.

இப்போது ஆலைக்குள் போவோம். கணக்கு நோட்டை எடுங்கள். நூறு கிலோ குருணையில் எழுபது கிலோ மாவுச்சத்து என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால், தண்ணீர் சேர்ந்து, 77 கிலோ குளுக்கோஸ் சொச்சம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எத்தனால், மீதி கரியமில வாயு. லிட்டரில் சொன்னால் ஏட்டுக் கணக்குப்படி 50 லிட்டர் கிடைக்க வேண்டும். நிதி ஆயோக் 2021இல் போட்ட திட்ட அறிக்கையில் அரிசிக்கு ஒரு டன்னுக்கு 450 லிட்டர், மக்காச்சோளத்துக்கு 380 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது நம் நூறு கிலோவுக்கு 45. ஐந்து லிட்டர் எங்கே போனது? எத்தனால் உற்பத்தியை மேம்படுத்துவது என்று இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஐந்து லிட்டரைத் தேடுவதுதான்.

முதலில் அரவையில் போகிறது. சுத்தியல் ஆலையில் பெருவட்டாக அரைத்தால் ஒவ்வொரு துகளின் நடுவிலும் மாவு உடையாமல் தங்கிவிடும். அதற்காகப் பட்டுப்போல அரைத்தால் சூடுதண்ணீரில் கட்டிதட்டும், கடைசியில் சக்கையைப் பிரிக்கும்போது வழவழவென்று நின்று தகராறு செய்யும். இட்லிக்கு ஒரு பதம், தோசைக்கு ஒரு பதம், புட்டுக்கு ஒரு பதம் என்று நம் அடுக்களையில் இருப்பதுபோல அங்கேயும் ஒரு பதம் இருக்கிறது. ஆலையின் லாபமே சல்லடைக் கண்ணில் இருக்கிறது என்பார்கள்.

அடுத்தது உடைப்பு. இப்போது இரண்டு நொதி. ஒன்று மாலையை நடுநடுவே வெட்டித் துண்டாக்கும், இன்னொன்று துண்டின் நுனியிலிருந்து மணி மணியாகக் கழற்றும். முதல் நொதிக்குத்தான் 1970களில் பெரிய திருப்பம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கொதிநிலைப் பக்கம் போனாலும் சாகாத நொதி கிடைத்தது. உருத்திரங்கண்ணனார் காலத்துக் களியை ஆறவைத்தல்லவா முளை போட வேண்டும்? இதைக் கொதிக்கும் களியிலேயே போடலாம். களி அப்படியே கஞ்சியாக இளகி, குழாயில் ஓடும். கெட்டியான களியைக் கிண்டத் தேவையில்லை என்பதால் தண்ணீரும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். இன்னும் ஒரு படி போய், களியே காய்ச்சாமல் பச்சை மாவு மணியையே துளைக்கும் நொதியும் இப்போது வந்துவிட்டது.

பிறகு ஈஸ்ட். அது இருக்கிற சர்க்கரை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்தால் திணறும். அதனால் இரண்டாவது நொதியையும் ஈஸ்ட்டையும் ஒரே தொட்டியில் விடுகிறார்கள். நொதி கழற்றக் கழற்ற ஈஸ்ட் தின்னும், பிள்ளைக்கு வாய் வாயாகச் சோறு ஊட்டுகிற மாதிரி. அதற்கு ஆகாதது சூடு. 30 முதல் 34 டிகிரிதான் அதற்குச் சுகம். நொதிக்கும்போது தொட்டி தானாகச் சூடாகும், வெளியே பாளையங்கோட்டைச் சித்திரை வெயில் என்றால் கேட்கவே வேண்டாம். குளிர்விக்கத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈஸ்ட் சோர்ந்து, தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவின் சொந்தக்காரன் உள்ளே புகுந்து சர்க்கரையைப் புளிப்பாக்கிவிடுவான். கோடையில் மாவு பொங்கி வழிந்து புளித்துப்போவது உங்கள் வீட்டில் ஒரு குண்டான் நஷ்டம். அங்கே லட்சக்கணக்கான லிட்டர்.

மிஞ்சும் சக்கையில் புரதம் சேர்ந்திருக்கும். உலர்த்திக் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாக விற்கிறார்கள். ஆகவே தானியம் முழுதும் வண்டிக்குப் போய்விடுவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தீவனமாகத் திரும்பி வருகிறது. இதை எதிர்ப்பவர்கள் சொல்ல மறப்பார்கள், ஆதரிப்பவர்கள் இதை மட்டுமே சொல்வார்கள்.

வித்தை இவ்வளவு தேறியபிறகு அரசாங்கம் கதவைத் திறந்தது. 2018 உயிரி எரிபொருள் கொள்கையில் உடைந்த அரிசி, கெட்டுப்போன தானியம் என்று ஆரம்பித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரம், ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த அதே மாசம், இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியையும் எத்தனாலுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. 2023இல் விலை ஏறும் பயம் வந்தது. ஜூனில் மாநில அரசுகளுக்கு அந்த அரிசியை விற்பதை நிறுத்தினார்கள். எத்தனால் ஆலைகளுக்கு நிறுத்தியது அதற்கு அடுத்த மாசம்தான். இந்த ஒரு மாச இடைவெளி எனக்கு இன்னும் செரிக்கவில்லை. பிறகு கிடங்கு நிரம்பியதும் மறுபடி திறந்து, 2025 ஜனவரியில் கிலோ 22 ரூபாய் 50 காசு என்று விலை வைத்தார்கள். அதே அரிசியை வாங்கி, சேர்த்து, காத்து வைக்க அரசாங்கத்துக்கு ஆகும் செலவு கிலோவுக்கு 40 ரூபாய்க்குப் பக்கம்.

அரிசி கிடைக்காத காலத்தில் ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் தாவின. மக்காச்சோள எத்தனாலுக்கு 2024இல் லிட்டர் 71 ரூபாய் 86 காசு என்று நல்ல விலை கொடுத்தார்கள். அது நம் பக்கத்தைத் தொட்டது. கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சங்கரன்கோவில் கரிசலில் பருத்தி போட்ட இடத்தில் இன்று மானாவாரி மக்காச்சோளம். அது போகிற இடம் நாமக்கல் கோழிப்பண்ணை. ஆலையும் பண்ணையும் ஒரே மூட்டைக்குப் போட்டி போட்டால் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு நாலு காசு கூடும். கூடியது, சந்தோஷம். படைப்புழு வந்து அழித்த வருஷங்களுக்கு அது ஈடு. ஆனால் பண்ணைக்காரர் தீவனம் கட்டவில்லை என்றார், முட்டை விலையில் அது தெரிந்தது, வருஷம் வருஷம் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. 2025 அறுவடையில் விலை மறுபடி இறங்கியது. சம்சாரியின் சந்தோஷம் எப்போதும் ஒரு வெள்ளாமைக்குத்தான்.

நம் ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு இரண்டே கால் கிலோ அரிசி. ஒரு கிலோ அரிசி விளைய மூவாயிரம் லிட்டர் தண்ணீருக்குக் குறையாது. வயலில் பாய்ச்சியதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு லிட்டருக்குப் பின்னால் ஆறாயிரம் லிட்டருக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. ஆலைக்குள் செலவாவது அதில் ஒரு துளி. எட்டு அணைக்கட்டு உள்ள தாமிரபரணியில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் எடுப்பது 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கங்கைகொண்டானில் குளிர்பானக் கம்பெனிக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதற்கு எதிரான வழக்கை 2017 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கெல்லாம் கொடி பிடித்தோம். அரிசியாக மாறி மூட்டையில் போகும் தண்ணீருக்குக் கொடி பிடிக்க ஆளில்லை, அது கண்ணுக்குத் தெரியாது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் வராமல் தரிசு போட்ட வருஷங்கள் எத்தனை என்று முக்கூடலிலும் சேரன்மகாதேவியிலும் இருக்கும் நம் சொந்தங்களைக் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்கள்.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். குருணை, பூச்சி விழுந்தது, முளைவிட்டது, மழையில் கறுத்தது எல்லாம் ஆலைக்குப் போகட்டும், ஆட்சேபமில்லை. டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து முளைத்த நெல்லைக் கால் விலைக்குக்கூட வாங்க ஆளில்லாமல் ரோட்டில் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்தவன் நான். சொல்லப்போனால் முளைத்த நெல் இந்த வேலைக்கு இன்னும் தோது, பாதி நொதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் தின்கிற தரத்தில் உள்ள அரிசியைக் கிடங்கிலிருந்து நேராக ஆலைக்கு அனுப்புவதை, அந்த ஆச்சியை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதைப் பார்த்த கண்ணால் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்களில் சிலர் ஆயில் கம்பெனியில் இருக்கிறீர்கள், அந்நியச் செலாவணி மிச்சம் என்பீர்கள். எழுதுங்கள், படிக்கிறேன்.

மைலேஜ் பற்றிக் கேட்டவனுக்கு: ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதம் கலந்தால் கணக்குப்படி ஆறு ஏழு சதம் குறையும். உன் வண்டி அதற்கு மேலும் குறைகிறது என்றால் கார்புரேட்டரைப் பார் லே, எத்தனாலைத் திட்டாதே.

கடைசியாக ஒரு வேலை. அம்பாசமுத்திரம், ஆலங்குளம் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கும் பிள்ளைகள் மூன்று நாலு பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஐந்து வருஷம் முந்திக் குருணை மூட்டை என்ன விலைக்குப் போனது, இப்போது என்ன விலை, வாங்க வருகிற லாரி எந்த ஊரிலிருந்து வருகிறது, மூன்றையும் கீழே எழுதுங்கள். அம்பை 16க்கும் மற்றதற்கும் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது.